ஒரு மணிக்கு அப்புறம் பிள்ளை எங்கே?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தனித்து வாழும் தாய்மார்களுக்காகக் கோயில் மண்டபம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் ஒரு தம்பி இரண்டு பிள்ளைகளோடு கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தாய்மார் கூட்டம் என்று நோட்டீஸில் போட்டுவிட்டோம், தப்புதான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாவுக்கும் இதே பாடுதானே. முன்னால் வந்து உட்காருங்கள் தம்பி.

வீடு மாறுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வீடு மாறுவதை விட இடம் மாறுவதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. வீடு சரியில்லை என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம், கூரைக்குத் தகரம் போடலாம். இடம் சரியில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். விடிவதற்கு முன்னே பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போவார். அங்கே வரிசையாகச் சாரோங் தொட்டில்கள் தொங்கும். ஆயா ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் கஞ்சி கிண்டுவார். அதைத் தோட்ட முதலாளிகளின் தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்தில்கூடப் பிள்ளை பார்க்கும் இடத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறது. தோட்டத்தில் கூலி குறைவு, லயத்து வீடு இருட்டு, எல்லாம் உண்மை. ஆனால் அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை எங்கே என்ற கேள்வி மட்டும் அங்கே எழுந்ததில்லை. ஆயா இருந்தார். ஆயா இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருந்தார்.

தோட்டம் கை மாறியது, லயம் இடிந்தது, ஆளுக்கொரு குடியிருப்புத் தாமானுக்குச் சிதறினோம். வீடு கிடைத்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆயாக்கொட்டகை கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கணவர் தவறியபோது மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. டவுனுக்கு வெளியே மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. மூன்று அறை, பின்னால் கொஞ்சம் மண், முருங்கை வைக்கலாம். என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கணக்கு வந்தது. பள்ளி வேனுக்கு 70. என் மோட்டாருக்குக் கூடுதலாக எண்ணெய் 60. பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் வரும்வரை பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு 300. கூட்டிப் பாருங்கள், 680. அந்த 250 வெள்ளி வீட்டில் நான் கட்டியது 680 வெள்ளி வாடகை.

காசை விடுங்கள். ஒரு நாள் வேன் வழியில் நின்றுவிட்டது. யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. நான் ஆலையிலிருந்து வந்து பார்த்தபோது பள்ளி கேட்டுக்கு வெளியே, மழைத் தூறலில், பையைத் தலையில் வைத்துக்கொண்டு மகன் நிற்கிறான். மணி நாலு. ஒரு மணிக்குப் பள்ளி விட்டாயிற்று. அவன் அழவில்லை. "அம்மா, பசிக்குது" என்று மட்டும்தான் சொன்னான். அன்றைக்குத்தான் வீடு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது வீடு டவுனுக்குள்ளே. வாடகை 400. சின்னது, அறை இரண்டுதான், முருங்கை கிடையாது. பள்ளிக்கு நடந்தே போகலாம், நடுவில் பெரிய சாலை இல்லை. எதிர்வீட்டில் ஒரு பாட்டி, தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். அவருக்கு மாதம் 200. ஆக 600. எண்பது வெள்ளி மிச்சம் என்பது ஒரு பக்கம். ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அணைந்ததற்கு என்ன விலை போடுவீர்கள்?

அதனால் நான் சொல்வது இதுதான். பலகையில் எழுதியிருக்கும் வாடகையைப் பார்க்கிறதுக்கு முன்னால், ஒரு மணிக்கு அப்புறம் பிள்ளை யார் கண்ணில் இருக்கும் என்று பாருங்கள். பதில் கிடைத்த தெருவில் வீடு தேடுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளை பார்க்கும் டிரான்சிட் நிலையம் இருக்கலாம், டியூஷன் அக்கா இருக்கலாம், பாட்டி இருக்கலாம். சின்னப் பிள்ளை என்றால் அரசாங்கப் பாலர் பள்ளியான கெமாஸ் தாபிகா பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நாலு வயதிலேயே சேர்க்கலாம், செலவும் குறைவு. ஆனால் அதுவும் மதியத்துக்கு முன்னே விட்டுவிடும், மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். வேலைக்காகக் கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் போகலாமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். போகக்கூடாது என்று சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அங்கேயும் அதே 1,700, சுங்கை சிப்புட்டிலும் அதே 1,700. வாடகை மட்டும் அதே இல்லை. அங்கே ஏழைகளுக்கான அரசாங்க வீடு, பிபிஆர் ஃபிளாட், மாதம் 124 வெள்ளிதானே என்பார்கள். உண்மைதான், மூன்று அறை வேறு. ஆனால் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் காலத்துக்கு யார் வாடகை கட்டுவது? போகிறவர்கள் அங்கே ஓர் அக்காவோ சித்தியோ இருக்கும் தெருவுக்குப் போங்கள். சொந்தம் இருக்கும் இடத்தில் வாடகை நூறு வெள்ளி கூட இருந்தாலும் எனக்கு அது மலிவுதான்.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 150 பேருக்குக் குறைவான பள்ளிகளை 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அரசாங்கம் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல அதில் வரும். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அப்பா போன பிள்ளைக்கு, அம்மா போன பிள்ளைக்கு, சின்னப் பள்ளி நல்லது. ஒரு நாள் வராவிட்டால் ஆசிரியருக்குத் தெரியும். பெரிய பள்ளியில் என்றால் வேறு ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காலைப் பள்ளியா, மதியப் பள்ளியா? அண்ணனுக்குக் காலை, தங்கைக்கு மதியம் என்று விழுந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்.

சரி, இடத்தைப் போய்ப் பார்ப்பது எப்படி? வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தம்பியையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போங்கள். விளக்கு எரிகிறதா, முச்சந்தியில் சம்சுச் சாராயம் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். பள்ளி நாளில் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பிள்ளைகள் வெளியே சைக்கிள் ஓட்டினால், அவர்களைப் பார்த்து யாராவது ஒரு பெரியவர் சத்தம் போட்டால், அது பிள்ளை வளர்க்கிற தெரு. நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு இருக்கும். சாயம் அடித்து மறைத்திருந்தால் கதவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பலகை உப்பியிருக்கும். கால்வாயில் தண்ணீர் நின்றால் டெங்கி. அப்புறம் ஒட்டுக்கடையில் பால் இல்லாத ஒரு தே ஒ குடியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை எல்லாம் கடைக்காரர் சொல்லுவார்.

ஃபிளாட் என்றால் மாடியைக் கேளுங்கள். பழைய ஐந்து மாடி ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்காது. கைக்குழந்தை, அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, இது மூன்றோடும் ஒருமுறை ஏறுவதாக மனசில் நினைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தில் பலர் தடுக்கி விழும் இடம் முன்பணம். வழக்கமாக இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் கேட்பார்கள். 400 வெள்ளி வீட்டுக்கு முதல் நாளே 1,400 வெள்ளி கையில் வேண்டும். மூட்டை தூக்கும் லாரி தனி. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தால் அந்தத் தாள்தான் பேசும். கணவர் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி கட்டி இறந்தவர் என்றால் பென்ஷன் உண்டா என்று முதலில் போய் விசாரியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் சம்பளத்தில் பிடித்த பணம்.

"வீட்டு ஐயா எங்கே?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். இரண்டு பேர் வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்தில் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்: "அவர் இல்லை, நானும் பிள்ளைகளும்தான், சம்பளச் சீட்டு இதோ." கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் முதல் ஒரு வருஷம் என் தம்பியின் ரப்பர் பூட்ஸ் என் வாசலில்தான் கிடந்தது. சிரிக்காதீர்கள், இங்கே எத்தனை வாசலில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடி விற்கப்படாமல் இருக்க, அவற்றைப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே வாங்கினார்கள். தோட்டம் வாங்கியவர்களின் பேத்திகள் நாம். ஒரு தெருவில் நாலு பேர் சேர்ந்து ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா? ஆளுக்கு 150 என்றால் அவருக்கு 600. கூட்டம் முடிந்ததும் ஒரே தாமானில் இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள். அதற்காகத்தான் மேசைகளில் தாமான் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.

பின்வரிசைத் தம்பி, நீங்கள் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்ன 300 வெள்ளி வாடகை வீட்டை நாளை மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்ப்போம். நானும் வருகிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது, குடை மட்டும் எடுத்து வாருங்கள்.