பிஜி கிராமத்தில் கிறிஸ்துமஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

பிஜித் தீவுகளில் கிறிஸ்துமஸ் நல்ல கோடையில் வருகிறது. மயில்கொன்றை மரங்கள் டிசம்பரில்தான் சிவக்கச் சிவக்கப் பூக்கும். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விட்டிருப்பார்கள். தலைநகர் சுவாவின் துறைமுகத்தில், வெளித்தீவுகளுக்குப் போகும் கப்பல்களைப் பிடிக்கக் கூட்டம் அலைமோதும். 300க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. நகரத்தில் வேலை பார்க்கும் பிஜியருக்கு எங்கோ ஒரு கரையில் சொந்த கிராமம் இருக்கும். மாவு மூட்டை, சர்க்கரை, டின் இறைச்சி, பாய்ச் சுருள் என்று சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். என்னைக் கேட்டால், அங்கே கிறிஸ்துமஸ் என்பது முதலில் ஊருக்குப் போவதுதான். அலங்காரமும் பரிசும் அப்புறம்.

விருந்துக்கு லோவோ போடுவார்கள். நிலத்தில் வெட்டிய குழிதான் அடுப்பு. அதில் விறகை அடுக்கி, மேலே கற்களைப் போட்டுக் கொளுத்துவார்கள். எந்தக் கல்லையும் போட்டுவிட முடியாது. சில கற்கள் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். பழகிய கைகள்தான் கல் பொறுக்கும். விறகு எரிந்து தீர்ந்ததும் கொள்ளிகளை இழுத்துப் போட்டுவிட்டு, கனன்ற கற்களை நீண்ட கழிகளால் பரப்பி, பச்சைத் தென்னை மட்டைகளைப் போடுவார்கள். மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் அடியில் போகும். தென்னையோலையில் முடைந்த கூடைகளில் பன்றி, கோழி, மீன் இருக்கும். சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துக் கட்டிய பலுசாமிப் பொட்டலங்களும் உண்டு. அந்த இலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும், அதனால் அவசரப்பட முடியாது. வாழை இலையும் ஈரச் சாக்கும் போட்டு மூடி மண்ணைத் தள்ளுவார்கள். எங்காவது ஆவி கசிந்தால் உடனே ஒரு கை மண் அங்கே விழும். குழியைத் திறக்கும்போது புகைவாசம் ஊறிய அந்தக் கிழங்கின் மணம் இருக்கிறதே, அதற்கு ஈடு எனக்குத் தெரியாது.

குழி வேலை பெரும்பாலும் ஆண்கள் பாடு. விருந்து பரிமாற விரிக்கும் தாழைப் பாய்களைப் பெண்கள் முன்கூட்டியே பின்னி வைத்திருப்பார்கள். பல கிராமங்களில் கறியும் ரொட்டியும் அந்தப் பாயில் இடம்பிடிக்கும். 1879 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் கொண்டுசேர்த்த ருசி அது. 1903 முதல் தென்னிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு.

காலையில் தேவாலயத்துக்கு அழைக்க லாலி முழங்கும். மரத்தண்டைக் குடைந்து செய்த பெரிய முரசு அது. 1835இல் லகேம்பா தீவில், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவின் போதகர்கள் இருவர் வந்திறங்கினார்கள். இன்றும் கிராமங்களில் மெதடிஸ்ட் சபைதான் பெரியது. ஆண்கள் இடுப்பில் சூலு என்ற வேட்டி போன்ற உடை கட்டி வருவார்கள். ஒரே துணியில் தைத்த உடையில் மொத்தக் குடும்பமும் வரிசையாக உட்காருவது உண்டு. வாத்தியம் எதுவும் இல்லாமலே பல குரல்களாகப் பிரிந்து அவர்கள் பாடுவதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும்.

மாலையில் யங்கோனா, அதாவது கவா வேரை இடித்துக் கரைத்த பானம். சிரட்டை கைக்கு வருமுன் ஒருமுறை கைதட்டி, குடித்த பிறகு மூன்று முறை தட்டுவது வழக்கம். ஊரில் யார் பிறந்தார், யார் போனார், யாருக்குக் கல்யாணம் என்று பேச்சு நள்ளிரவு தாண்டியும் ஓடும்.

டிசம்பர் புயல் காலமும்கூட. 2020இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், யாசா புயல் வனுவா லெவு தீவின் புவா பகுதியைப் புரட்டிப் போட்டது. வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் தங்க நேர்ந்தது. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்கு இளைஞர்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல் பொறுக்கவும் குழி மூடவும் அவர்கள்தானே பழக வேண்டும்? ஒரு டிசம்பரிலாவது அவர்களுக்கு விடுப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்ப முதலாளிகள் மனம் வைக்க வேண்டும்.

கொண்டாட்டம் 25ஆம் தேதியோடு முடியாது. புத்தாண்டு பிறந்ததும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி, முகத்தில் பவுடர் பூசி விளையாடுவார்கள். பையன்கள் மூங்கில் குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சூடேற்றிப் பீரங்கி போல் வெடிப்பார்கள். ஜனவரியில் பல நாள் இது நடக்கும். அதன் பிறகுதான் சுவாவுக்குக் கப்பல் ஏறுவார்கள், இந்த முறை சேப்பங்கிழங்கு மூட்டையோடு.