வாடுவதற்கு முன்பே பயிர் என்ன செய்கிறது?

[காட்சி: மதியம் இரண்டு மணி. கத்தரித் தோட்டம். இலைகள் துவண்டு தொங்குகின்றன.]

மதிய வெயிலில் கத்தரி இலை தொங்குவதைப் பார்த்ததும் மோட்டாரைப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் அதே இலை நிமிர்ந்துவிட்டால் மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். உச்சி வெயிலில் இலை வெளியே விடுகிற வேகத்துக்கு வேரால் தண்ணீரை ஏற்றிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடிந்த பிறகும் இலை தொங்கியே இருந்தால்தான் மண் காய்ந்திருக்கிறது.

ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குப் பல நாள் முன்பே செடிக்குள் வேலை தொடங்கிவிடும். கிணறும் கண்மாயும் வற்றுகிற வருஷத்தில் எந்தத் தண்ணீரைத் தள்ளிப் போடலாம், எந்தத் தண்ணீரைக் கடன் வாங்கியாவது விட வேண்டும் என்று முடிவெடுக்க, அந்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: மண்ணின் குறுக்குவெட்டுப் படம். மண் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் மெல்ல மெலிகிறது.]

வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. இதை வீண் என்று நினைக்க வேண்டாம். கரியமில வாயு உள்ளே வர அந்தத் துளை திறந்தாக வேண்டும், திறந்தால் தண்ணீர் வெளியேறும். இலை சூடேறாமல் இருப்பதும் இந்த ஆவியால்தான்.

மண் காயக் காய, மிச்சமிருக்கும் தண்ணீரை மண் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பாய்ச்சி, மிகுதி வடிந்த வயலில் அந்தப் பிடிப்பு சுமார் 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அது 15 பாரைத் தொடும்போது பெரும்பாலான பயிர்களால் தண்ணீரை எடுக்க முடிவதில்லை. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கரிசல் மண்ணைக் கையில் எடுத்தால் ஈரமாகத் தெரியும், அதில் நிற்கும் பயிரோ வாடியிருக்கும். தண்ணீர் இருக்கிறது, வேருக்கு எட்டவில்லை.

சரி, செடி முதலில் எதை நிறுத்துகிறது? இலை வளர்வதை. புது இலை விரிய, அதன் செல்கள் உள்ளே தண்ணீர் அழுத்தத்தால் உப்ப வேண்டும். அந்த அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே விரிவு நின்றுவிடும். அப்போது இலை வாடியிருக்காது, பச்சையம் மங்கியிருக்காது, உணவு தயாரிப்பதும் பெரிதாகக் குறைந்திருக்காது. வரப்பிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இதே நேரத்தில் வேர் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இலை செலவழிக்காமல் விட்ட சர்க்கரை கீழே இறங்கி வேரை ஆழத்துக்கு ஓட வைக்கிறது. இளம் பயிரை ஓரளவு காயவிட்டால் வேர் கீழே இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

[காட்சி: ஒரே செடி, இரண்டு தொட்டிகள். பாதி வேர் ஈரத்தில், பாதி வேர் காய்ந்த மண்ணில்.]

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆப்பிள் கன்றுகளின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் விட்டார்கள். ஒன்றுக்குத் தண்ணீர், இன்னொன்றுக்கு இல்லை. ஈரமான பக்கத்திலிருந்து இலைக்கு வேண்டிய தண்ணீர் போனது. ஆனாலும் இலை வளர்ச்சி குறைந்தது. பிறகு காய்ந்த தொட்டியில் இருந்த வேர்களை வெட்டி எடுத்தார்கள். இலை மறுபடி வளர ஆரம்பித்தது! வேரை இழந்த செடி நன்றாக வளர்கிறது என்றால், அந்தக் காய்ந்த வேர் மேலே ஏதோ தகவல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 1990-இல் வெளிவந்த இந்த முடிவைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தகவலைச் சுமப்பதில் பெரிய பங்கு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனுக்கு. வேரிலும் உருவாகும், இலையிலும் உருவாகும். 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேரிலிருந்து இலைக்குப் பயணிக்கும் சிறு புரதத் துணுக்கு ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். அது இலையை எட்டியதும் இலையே இந்த அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது.

ஒவ்வொரு இலைத்துளைக்கும் இரண்டு பக்கமும் காவல் செல்கள் இருக்கின்றன. ஹார்மோன் வந்ததும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும், செல் தளரும், துளை மூடிக்கொள்ளும். பொட்டாஷ் சத்துக் குறைந்த பயிர் வறட்சியில் சீக்கிரம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துளை மூடினால் தண்ணீர் மிஞ்சும், கூடவே கரியமில வாயு வருவதும் குறையும், இலை சூடாகும். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கு விலையாக விளைச்சலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. நெல்லும் சோளமும் இலையைச் சுருட்டி வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். பல பயிர்கள் செல்லுக்குள் சர்க்கரையையும் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்து, மண்ணிடமிருந்து இன்னும் கொஞ்சம் நீரை இழுக்கப் பார்க்கும். சோளம் இதில் கெட்டிக்காரப் பயிர். மழை வரும்வரை வளர்ச்சியை நிறுத்தி வைத்து, வந்ததும் தொடரும்.

[காட்சி: நெல் வயல். தொண்டைக்கதிர்ப் பருவம்.]

இனி வீடியோவின் முக்கியமான பகுதி. மேலே சொன்ன தற்காப்பு எல்லாம் தழைப் பருவத்தில் பயிரைக் காப்பாற்றும். பூ, கதிர் என்று வந்துவிட்டால் கதை மாறிவிடும். தூர் கட்டும்போது ஒரு வாரம் காய்ந்த நெல், பிறகு தண்ணீர் கிடைத்தால் பெருமளவு ஈடு செய்துகொள்ளும். கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிரிலும், பூக்கும்போதும் காய்ந்தால் ஈடு செய்ய முடியாது. உருவாகும் மகரந்தத்துக்குச் சர்க்கரை போய்ச் சேராது, மகரந்தம் மலடாகும். கதிர்க்காம்பு நீளாமல், கதிரின் அடிப்பகுதி உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயிர் பச்சையாக நிற்கும், கதிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போகும். விவசாயிக்கு இதைவிடக் கொடுமையான காட்சி இல்லை என்றே நினைக்கிறேன்.

மக்காச்சோளத்தில் சிக்கல் வேறு மாதிரி. உச்சியில் ஆண் பூ மகரந்தத்தை உதிர்க்கும்போது, கீழே கதிரின் நுனியில் பட்டு இழைகள் வெளியே வந்திருக்க வேண்டும். வறட்சியில் ஆண் பூ ஏறக்குறைய நேரத்துக்கு வந்துவிடும், பட்டு இழை தாமதமாகும். இழை வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். பல்லுப் பல்லாக இடைவெளி விட்ட கதிர்கள் இப்படித்தான் வருகின்றன.

நிலக்கடலையில் கவனிக்க வேண்டியது, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவம். மேல்மண் காய்ந்து இறுகினால் விழுதால் துளைத்து உள்ளே போக முடியாது. பூக்கும் முன்பு வரும் மிதமான வறட்சியை இந்தப் பயிர் நன்றாகவே தாங்கும்.

ஆகவே, இருக்கிற தண்ணீரை எல்லா வாரத்துக்கும் சமமாகப் பங்கு போடுவது சரியான கணக்கு ஆகாது. பூவுக்கும் கதிருக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் முன்பருவத்துக்குப் பிரிக்க வேண்டும்.

ரகமும் உதவும். ராமநாதபுரம் பக்கம் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் உண்டு. அந்த மண்ணுக்குப் பழகிய நாட்டு நெல் நூருங்கன். வறட்சியைத் தாங்கும் அண்ணா 4 ரகம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்தது. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து, வேரைச் செங்குத்தாக இறக்கும் மரபணுவை எடுத்து, பரவலாகப் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 64 என்ற நெல் ரகத்துக்குள் கலப்பினம் மூலம் கொண்டுவந்த ஆய்வு 2013-இல் வெளியானது. கடும் வறட்சியில் ஐ.ஆர். 64 கிட்டத்தட்ட ஒன்றும் தராத இடத்தில் அந்த நெல் ஓரளவு விளைந்தது. வேர் போகும் கோணம் மட்டும்தான் மாறியிருந்தது.

[காட்சி: துளையிட்ட பிவிசி குழாயை வயலில் இறக்கும் கைகள்.]

வயலில் எப்படிச் செய்வது? நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறை. 30 சென்டிமீட்டர் நீளக் குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்குங்கள். குழாய்க்குள் இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். வரப்பு ஓரத்தில் வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளி, போய்ப் பார்க்க வசதியான இடத்தில் வையுங்கள். நடவு முடிந்து ஓரிரு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை அதிகம் இருந்தால் இன்னும் சற்றுத் தள்ளித் தொடங்குங்கள், நிற்கும் தண்ணீர் களையை அடக்கும்.

5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சி, விட்டுவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்கு இறங்கும்வரை அடுத்த தண்ணீர் தேவையில்லை. மேலே தரை காய்ந்து தெரியும், பயப்படாதீர்கள், வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறது. பாசன நீரில் 30 சதவீதம்வரை மிச்சமாகும், வயலிலிருந்து வரும் மீத்தேனும் வெகுவாகக் குறையும். மணற்பாங்கான வயலில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், அங்கே தினமும் குழாயைப் பாருங்கள். களிமண்ணில் பெரிய வெடிப்பு விடும் அளவுக்குக் காயவிட்டால், விடுகிற தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியாகவே போய்விடும்.

பார் (மண்மேடு), சால் (மேடுகளுக்கு இடையே உள்ள வாய்க்கால்) பிடித்த பருத்திக்கும் கரும்புக்கும் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுங்கள். அடுத்த முறை மற்ற சாலுக்கு. ஒரு பக்க வேர் காய்ச்சலைச் சொல்லி இலைத்துளையைச் சுருக்க வைக்கும், இன்னொரு பக்க வேர் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆப்பிள் கன்றில் பார்த்த அதே தத்துவத்தை ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டங்களில் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். சாலை மாற்றாமல் ஒரே பக்கத்தைக் காயவிட்டால் அந்த வேரிலிருந்து தகவல் வருவது நாளடைவில் நின்றுவிடும், அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நெல்லில் மட்டும் ஒரு விதிவிலக்கு. பூக்க ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலை நிறுத்துங்கள். அதிலிருந்து பூத்து முடித்த பின் ஒரு வாரம்வரை வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். முறை வைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில் இருப்பவர்கள், அந்த நாட்கள் எப்போது வரும் என்று விதைக்கும்போதே கணக்குப் போட்டு, முறை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.