வைட்டமின் டி சளியைத் தடுக்குமா? உலான்பாட்டரில் நடந்த இரண்டு ஆய்வுகள்

[திரையில்: பனி மூடிய நகரம், கம்பளி சுற்றிய பள்ளிப் பிள்ளைகள்]

மங்கோலியாவின் தலைநகர் உலான்பாட்டர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 25 டிகிரி அங்கே சாதாரணம். பகலில் வெயில் அடித்தாலும் பிள்ளைகளின் முகம் மட்டும்தான் வெளியே தெரியும். அதுவும் பெரிதாக உதவாது. தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர், அவ்வளவு வடக்கே குளிர்கால வெயிலில் மிகமிகக் குறைவு.

இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 247 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. சிலருக்கு வெறும் பால். மற்றவர்களுக்குத் தினமும் 300 யூனிட் வைட்டமின் டி கலந்த பால். வைட்டமின் கலந்த பால் குடித்தவர்களுக்குச் சளி, இருமல் வந்தது கிட்டத்தட்ட பாதிதான்.

[திரையில்: நுரையீரலுக்குள் ஒரு விழுங்கு செல்]

எப்படி? நுரையீரலில் காவலுக்கு நிற்கும் விழுங்கு செல்களைப் பாருங்கள். கிருமி வந்து ஒட்டியதும், ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டியை இந்த செல் உள்ளே இழுத்து, தானே செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. வழக்கமாக இந்த மாற்றத்தைச் செய்வது சிறுநீரகம்; அதற்காக இந்த செல் காத்திருப்பதில்லை. உடனே கேத்தலிசிடின் என்ற குட்டிப் புரதம் தயாராகி, கிருமியின் மேலுறையைத் துளைக்கிறது. காசநோய்க் கிருமியை வைத்து 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். வைட்டமின் டி குறைந்த ரத்த நீரில் வளர்த்த செல்களால் இந்தப் புரதத்தைச் சரியாகத் தயாரிக்க முடியவில்லை. வைட்டமினைச் சேர்த்ததும் தயாரித்தன.

மாத்திரை விளம்பரங்கள் கதையை இங்கேயே முடித்துவிடும். நாம் திரும்ப உலான்பாட்டர் போவோம்.

[திரையில்: 8,851]

அதே ஊரில் 8,851 பிள்ளைகள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மட்டும் வாரம் 14,000 யூனிட் வைட்டமின் டி, மூன்று வருஷம். 2020-இல் முடிவு வந்தது. வைட்டமின் எடுத்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் காசநோய்த் தொற்று? வைட்டமின் எடுத்தவர்களில் 3.6 சதவீதம், எடுக்காதவர்களில் 3.3. சுவாசத் தொற்றால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் முறையே 29 பேர், 34 பேர். சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டும் ஒரே கேள்வி அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஆய்வு, பெற்றோர் சொன்ன சளிக் கணக்கு. இரண்டாவது, காசநோயும் ஆஸ்பத்திரியும். சரி, உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால்? 2017-இல் 25 ஆய்வுகளைக் கூட்டியபோது சின்னப் பலன் தெரிந்தது, முக்கியமாக மிகக் குறைந்த அளவு இருந்தவர்களுக்கு. 2025-இல் 46 ஆய்வுகள், 64,000 பேர் என்று கணக்கு பெருத்ததும், அந்தப் பலன் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. கண்ணாடித் தட்டில் ஒரு செல் செய்வதை முழு உடம்பு அப்படியே செய்யும் என்று எதிர்பார்த்ததுதான் சிக்கல். உடம்புக்குக் கிருமியை எதிர்க்க இன்னும் எத்தனையோ வழி இருக்கிறது.

அப்புறம், நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கும் அந்த 60,000 யூனிட் பாக்கெட். குறைபாடு இருப்பவருக்கு டாக்டர் சில வாரங்களுக்கு எழுதித் தருவது அது. 'இம்யூனிட்டிக்கு' என்று வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது கொழுப்பில் சேர்ந்து தங்கும் வைட்டமின். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

எலும்புக்காக டாக்டர் எழுதித் தந்திருந்தால் நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுச் சளி வராமல் இருக்க வேண்டும் என்று நீங்களாகவே வாங்குவதாக இருந்தால், அந்தக் காசை ஃப்ளூ தடுப்பூசிக்குச் செலவழியுங்கள்.