தன் முதுகு தனக்குத் தெரியாது (சீர்திருத்த ஞாயிறு கூட்டத்துல பேசுனது)

மேடையில இருக்குற மரியாதைக்குரிய சேகர போதகர் ஐயா அவர்களே, நம்ம அழைப்ப ஏத்துக்கிட்டு வந்திருக்குற பக்கத்து ஆலயத்து பங்குத்தந்தை ஃபாதர் அவர்களே (கத்தோலிக்க சபையிலருந்து நாம பிரிஞ்சத நினைக்கிற சீர்திருத்த ஞாயிறுக்கு ஒரு கத்தோலிக்க ஃபாதர கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வைக்க நமக்கு தைரியம் வேணும், வர்றதுக்கு அவருக்கு அதவிட தைரியம் வேணும், ஒரு கைதட்டு குடுத்துருங்க), சேகர கமிட்டி செயலர் அவர்களே, சால்வை போடும்போது விட்டுப்போன பொருளாளர் அண்ணாச்சி அவர்களே (கோவிச்சுக்காதீங்க, கூட்டம் முடிஞ்சதும் என்னோடதையே தாரேன்), பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அக்கா அவர்களே, தூணுக்குப் பின்னால உக்காந்து போன் நோண்டுற வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு குடுத்த தலைப்பு பாவம், புண்ணியம் பத்தி கத்தோலிக்கர் சொல்றதும் அதுக்கு நம்மாளுங்க, சீர்திருத்த சபைக்காரங்க, சொல்ற பதிலும். மூணு பாயிண்ட் வச்சிருக்கேன். பாவத்துல பெருசு சிறுசு உண்டா, பாவத்த யார்ட்ட சொல்லணும், நற்குணம்ங்கிறது நாம சம்பாதிக்கிறதா இல்ல தானா காய்க்கிறதா. செயலர் இருபது நிமிஷம்னு சொல்லியிருக்காரு, அதுல நாலு நிமிஷம் வணக்கம் சொல்லியே போச்சு.

என் தாத்தா ஒரு பழமொழி சொல்லுவாரு, தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு. அத மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

முதல் பாயிண்ட். ஃபாதர் சபைப் பிள்ளைங்க ஞானஉபதேசத்துல சாவான பாவம், அற்பப் பாவம்னு ரெண்டா பிரிச்சுப் படிப்பாங்க. காரியம் கனமா இருக்கணும், தெரிஞ்சே செய்யணும், முழுமனசோட செய்யணும், மூணும் சேர்ந்தாதான் சாவான பாவம். அதுபோக தலையான பாவம் ஏழு, அகங்காரம், லோபித்தனம், காய்மகாரம்னு அழகா அடுக்கி வச்சிருப்பாங்க, காய்மகாரம்னா பொறாமை, அந்த வார்த்தைய நம்ம பிள்ளைங்ககிட்ட கேட்டா காய்கறி கடையான்னு கேக்கும். சீர்திருத்தத்த நடத்துன லூத்தரும் கால்வினும் இந்தப் பிரிவினைய ஒத்துக்கல. பாவத்தின் சம்பளம் மரணம்னுதான் எழுதியிருக்கு, பெரிய பாவத்துக்கு மட்டும் சம்பளம், சின்னதுக்கு படிக்காசுன்னு எழுதலயேன்னாங்க. எல்லா பாவமும் ஒரே அளவுன்னு அவங்களும் சொல்லல, ஆனா எதுவுமே தன்னளவுல அற்பம் கிடையாதுன்னாங்க. ஞானஸ்நானம் வாங்குனவன் மனசுல மிச்சம் கிடக்குற இச்சை பாவமா இல்லையான்னு அடுத்த சண்ட. அது சொந்த அர்த்தத்துல பாவம் இல்ல, பாவத்துக்கு இழுக்கும் அவ்வளவுதான்னு 1546ல கத்தோலிக்க ஆயர்கள் கூடுன திரெந்து சங்கம் சொல்லிச்சு, நம்மாளுங்க அதுவே பாவந்தான்னாங்க. இதுல நான் நம்மாளுங்க பக்கம்தான், ஃபாதர் மன்னிக்கணும்.

ரெண்டாவது பாயிண்டுக்கு ஒரு கத. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. பக்கத்து வீட்டுப் பையன் கத்தோலிக்கன். அவங்க கோயில் காம்பவுண்டுல ஒரு மாமரம், ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுனோம். ஈஸ்டருக்கு முந்தி அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும், என்னயும் துணைக்கு இழுத்துட்டுப் போனான், நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். உள்ள மரக்கூண்டுல அவன் முழங்கால்ல நின்னு "சாமி, மாங்கா திருடுனேன்"ங்கான். சாமியார் "எத்தன?"ன்னாரு. சும்மா கேக்கல, என்ன பாவம், எத்தன தடவன்னு சொல்லணும்னு 1551ல திரெந்து சங்கத்துல போட்ட சட்டம் இருக்கு, ஆனா இவனுக்கு கணக்கு மறந்துபோச்சு. திரைய விலக்கி தலைய வெளிய நீட்டி, அம்புட்டு பாட்டிமாரும் வரிசையில நிக்காங்க, "லேய், எத்தனடே பறிச்சோம்?"னு என்கிட்ட கேக்கான்! நானும் பொறுப்பா "பதினொண்ணு"ன்னுட்டேன். உள்ளயிருந்து சாமியார் குரல், "மரத்துல பதினாறுல்லாடே காணோம், மிச்சம் அஞ்சு எங்க?" நான் எடுத்த ஓட்டத்துல ஒரு செருப்பு அங்கயே கிடந்துச்சு. அவனுக்கு அபராதம் என்னன்னா மூணு அருள் நிறைந்த மரியே, அதுபோக ஒரு வாரம் அந்த மரத்துக்கு தண்ணி ஊத்தணும். எனக்கு? நான் சீர்திருத்த சபைக்காரன்ல, இடைத்தரகர் கிடையாது, ராத்திரி போர்வைக்குள்ள நேரா ஆண்டவர்ட்டயே சொல்லிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். மறுநாள் அதே மரத்துல ஏறுனேன். கீழ அவன் தண்ணி ஊத்திட்டு நிக்கான்.

சிரிங்க, ஆனா யோசிங்க. பாவத்த மனுசன்ட்ட சொல்றதே தப்புன்னு நம்ம ஊர்ல பேசுறோம்ல, லூத்தர் அப்படிச் சொல்லல. மடத்துல இருந்தப்ப மணிக்கணக்குல பாவம் சொல்லி தன் குருவையே களைக்க வச்ச ஆளு அவரு. வருசத்துக்கு ஒருதடவ கட்டாயம்னு 1215ல வந்த சட்டத்தயும், ஒண்ணுவிடாம எண்ணிச் சொல்லணும்ங்கிறதயும்தான் எதிர்த்தாரு. லூத்தர் பக்கத்து ஆளுங்க 1530ல குடுத்த விசுவாச அறிக்கை, ஆக்ஸ்பர்க் அறிக்கை, அதுல 11வது பிரிவுல, தனியா பாவமன்னிப்பு கேக்குற வழக்கம் சபையில இருக்கட்டும், எல்லாத்தயும் எண்ணிச் சொல்லணும்னு கட்டாயம் வேண்டாம், ஏன்னா அது முடியாதுன்னு சங்கீதம் 19:12 காட்டுறாங்க, "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" இதத்தான என் தாத்தா சொன்னாரு, தன் முதுகு தனக்குத் தெரியாது! எண்ண வேண்டாம்னு சொன்னத மட்டும் பிடிச்சுக்கிட்டோம், வழக்கம் இருக்கட்டும்னு சொன்னத விட்டுட்டோம்.

சீர்திருத்தம் ஆரம்பிச்ச 1517க்கு வருவோம். பாவத்துக்கான தண்டனய காசு குடுத்து குறைச்சுக்கலாம்னு டெட்சல்ங்கிற கத்தோலிக்க துறவி சீட்டு வித்தாரு. சாக்சனிய ஆண்ட பிரபு தன் எல்லைக்குள்ள விடல, அதனால எல்லைக்கு அந்தப் பக்கம் யூட்டர்போக்ல கடை விரிச்சாரு, லூத்தர் இருந்த விட்டன்பர்க் சனம் அங்க நடந்துபோய் வாங்கிட்டு வந்துச்சு. காசுல பாதி ரோமுல பேதுரு ஆலயத்துக்கு, பாதி மைன்ஸ் பேராயர் ஃபுக்கர் வட்டிக்கடையில வாங்குன கடனுக்கு. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், 1567ல போப்பு அஞ்சாம் பயஸ் அந்தக் காசு விவகாரத்தயே ரத்து பண்ணிட்டாரு. அவங்க நிறுத்தி நானூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு.

நாம நிறுத்துனோமா? நம்ம பக்கத்துல நிச்சயதார்த்தத்துல என்ன நடக்கு? பொண்ணு வீட்டு சீதனம் இவ்வளவுன்னு சபை முன்னால வாசிச்சு, அதுல நூத்துக்கு இத்தனன்னு சபைக்கு காணிக்கை, அதுக்கு ரசீது. வரதட்சணை வாங்குறதும் குடுக்குறதும் குத்தம்னு 1961ல சட்டம் வந்தாச்சு. அந்த ரசீதுக்கும் டெட்சல் சீட்டுக்கும் என்னய்யா வித்தியாசம்? டெட்சலாவது செஞ்ச பாவத்துக்கு வித்தாரு, நாம செய்யப்போற பாவத்துக்கு பங்கு வாங்குறோம். சீர்திருத்த ஞாயிறுன்னு வருசா வருசம் டெட்சல திட்டிட்டு, மறுவாரம் அதே மேசையில ரசீது புக்க விரிக்கிறோம். தன் முதுகு தனக்குத் தெரியாதுய்யா. பொருளாளர் அண்ணாச்சி முறைக்காரு, அண்ணாச்சி, உங்களச் சொல்லல, புக்கச் சொல்றேன். ஃபாதர் நீங்களும் சிரிக்காதீங்க, உங்க பக்கத்து கல்யாணத்துலயும் நான் சாப்பிட்டிருக்கேன்.

மூணாவது பாயிண்ட், நற்குணம். கத்தோலிக்கரோட பெரிய இறையியல் அறிஞர் அக்குவினாஸ் ஏழு குணம் சொல்லுவாரு, விவேகம், நீதி, திடம், மட்டசனம் (அளவோட இருக்குறது), அதுக்கு மேல விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நல்ல கிரியை மனுசன நல்லவனாக்காது, நல்ல மரம்தான் நல்ல கனி குடுக்கும்னு 1520ல லூத்தர் எழுதுனாரு. கிருபை இல்லாம சொந்தக் கிரியையால நீதிமானாக முடியாதுன்னு 1547ல திரெந்து சங்கமும் சொல்லியிருக்கு, இத நம்ம பிரசங்கத்துல யாரும் சொல்றதில்ல. 1999ல ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் தரப்பும் கத்தோலிக்கத் தரப்பும் சேர்ந்து இத ஒத்துக்கிட்டு கையெழுத்தே போட்டாச்சு. இதுல பேச நிறைய இருக்கு, ஆனா செயலர் மணி அடிச்சுட்டாரு, அடுத்த வருசம் கூப்பிட்டா பேசுறேன்.

ஒரே ஒரு நிமிஷம். போன மாசம் என் மகளுக்கு ஒரு வரன் வந்துச்சு. அவங்க கேட்டத நான் வாசல்ல நின்னு திட்டிட்டு உள்ள வாரேன், மக கேக்கா, "அம்மாவக் கட்டும்போது நீங்க எத்தன பவுன் வாங்குனீங்க?" முப்பத்தஞ்சு. யோசிக்கவே இல்ல, டக்குனு வாயில வந்துச்சு. அதுக்காக மாமனார் வித்த தோப்பு எத்தன சென்டுன்னும் தெரியும். அதயும் அந்தக் காலத்துலயே போர்வைக்குள்ள சொல்லிட்டு தூங்குனவன்தான் நான். என் வீட்டுக்காரி மூணாவது வரிசையில இருக்கா, அவகிட்ட ஒருதடவ கூட சொன்னதில்ல, இப்போ மைக்குல சொல்லிட்டேன்.

வாசல்ல டீ மேசைக்குப் பக்கத்துல ஒரு நோட்டு இருக்கு. சீதனத்துல சபை பங்கு வாங்கக்கூடாதுன்னு அடுத்த கமிட்டிக்கு வைக்கிற மனு அது. முதல் கையெழுத்து என்னோடது. பேனாவ நூல்ல கட்டித்தான் வச்சிருக்கேன், போன தடவ மாதிரி யாரும் பாக்கெட்டுல சொருகிட்டுப் போயிராதீங்க. மைக் தம்பி, ஆஃப் பண்ணுப்பா.