அரிவாள் பட்ட இடத்தில் கூன்வண்டு: வீட்டுத் தென்னையைக் காப்பாற்ற

[காட்சி: கீழே விழுந்து கிடக்கும் ஒரு தென்னை மட்டை, மிக அருகில்]

இந்த மட்டையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓலைகள் முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கின்றன. காண்டாமிருக வண்டின் வேலை. ஆனால் விரிந்த மட்டையை வண்டு தொடவே இல்லை. மட்டை குருத்துக்குள் மடிந்திருந்தபோதே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. காகிதத்தை மடித்து ஓர் இடத்தில் வெட்டிவிட்டுப் பிரித்தால் பல இடங்களில் ஓட்டை தெரியும் அல்லவா, அதே கதைதான்.

வளர்ந்த மரம் இதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்க முடியாதது அடுத்து வரும் சிவப்புக் கூன்வண்டு. காயத்தின் வாசனைதான் அதற்கு அழைப்பு.

[காட்சி: தண்டில் சிறு ஓட்டை, அதிலிருந்து வழியும் பழுப்பு நீர்]

மாமரத்தில் ஒரு கிளையை வெட்டினால், கொஞ்ச நாளில் பட்டை வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். பட்டைக்கு அடியில் அதற்கென்றே ஒரு திசு இருக்கிறது. தென்னைக்கு அது கிடையாது. பட்ட காயம் பட்டதுதான். வளரும் முனையும் ஒன்றே ஒன்று, கொண்டையின் நடுவில். அது போனால் மரம் போயிற்று.

கூன்வண்டு அந்தக் காயத்தில் முட்டையிடும். கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே மரம் பச்சையாகத்தான் தெரியும். தண்டில் ஓட்டை, பழுப்பு நீர், மென்று தள்ளிய நார் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். புழு மெல்லும் கரகர சத்தம் கேட்கலாம். கொண்டை சாய்ந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை.

சரி, காயத்தை யார் உண்டாக்குகிறார்கள்? பாதி வண்டு, பாதி நாம். மரம் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பச்சை மட்டையை அடியோடு வெட்டச் சொல்கிறோம். கொடி கட்ட ஆணி அடிக்கிறோம். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி கொத்துவதும் உண்டு. பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ., அதாவது நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. புதுக் காயத்தில் தார் பூசிவிடுங்கள்.

[காட்சி: மரத்தின் உச்சியில் காய் பறிப்பவர்]

உங்கள் மரத்தின் கொண்டையை நேரில் பார்ப்பவர் காய் பறிக்க வருபவர் ஒருவர்தான். கூலி கொடுத்து அனுப்பிவிடாமல் வேலை சொல்லுங்கள்: "அண்ணே, காஞ்ச மட்டையை மட்டும் எடுங்க, பச்சையைத் தொடாதீங்க. குருத்துல ஓட்டை இருந்தா கம்பிய விட்டு வண்டை எடுத்துடுங்க." அப்புறம் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுவிலுள்ள மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லுங்கள். இதற்குத் தனியாகப் பணம் கேட்பார். கொடுக்கலாம், நியாயமான கூலிதான். ஆள் கிடைக்காதவர்கள் தென்னை வளர்ச்சி வாரியத்தில் விசாரிக்கலாம். இயந்திரம் வைத்து ஏறவும் மரத்தைப் பராமரிக்கவும் 2011 முதல் அவர்கள் பயிற்சி கொடுக்கிறார்கள். மரத்தை ஒட்டி மின்கம்பி போனால் மட்டும் யாரையும் ஏற்றாதீர்கள். முதலில் மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

கீழேயும் ஒரு வேலை இருக்கிறது. காண்டாமிருக வண்டு பிறப்பது எருக்குழியில். குப்பையைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் தெரியும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

[காட்சி: கருப்புப் படிந்த ஓலை, கீழே நிறுத்திய கார்]

ஓலையும் அடியில் நிற்கும் காரும் கருத்துப்போனால் அது வேறு ஆள்: சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது. அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சை படர்கிறது. இதற்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து செத்துவிடும். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைத் தொங்க விடுங்கள்.

கூன்வண்டு விழுந்துவிட்டது என்று உறுதியானால் கைவைத்தியம் வேண்டாம். வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள், இல்லையென்றால் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். மரம் செத்தே போனால் வெட்டி மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் புழுவோடும் கூட்டோடும் எரித்துவிடுங்கள். விட்டால் அத்தனையும் வண்டாகிப் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போகும்.