நச்சுமுறிக்கு வழிகாட்டிய இரத்த அளவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால், அளவு மீறினால் மனிதக் கல்லீரலை அழித்துவிடும் என்பதை 1966ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வெளியான மருத்துவ அறிக்கையே முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தது. அந்த நஞ்சுக்கு முறி கண்டவர்களுள் முதன்மையானவர் எடின்பரோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் பணியாற்றிய மருந்தியல் மருத்துவர் லாரி பிரெஸ்காட். அவருடைய ஆய்வைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

இந்த நஞ்சின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறி மாத்திரை உட்கொண்டவர் முதல் நாளில் குமட்டல், வாந்தி தவிர வேறு தொல்லை எதுவுமின்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். கல்லீரல் சிதைவு இரத்தப் பரிசோதனையில் வெளிப்படுவதற்குள் பெரும்பாலும் மறுநாள் ஆகிவிடும். ஆகவே யாருக்கு ஆபத்து என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

பிரெஸ்காட் இரத்தத்தைப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணித்து, அது பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கிட்டார். நலமுள்ளவர் உடலில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து, 4 மணி நேரத்துக்கு மேலும் பாதியாகாமல் நின்றால் அந்தக் கல்லீரல் சிதையப்போகிறது என்பதை 1971இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். மருந்தை மாற்றி வெளியேற்ற வேண்டிய உறுப்பே பழுதுபடுவதால் மருந்து உடலில் தேங்குகிறது. என் மதிப்பீட்டில், பின்னர் வந்த சிகிச்சைக்கு அடித்தளமிட்டது படுக்கையருகே செய்த இந்த அளவீடுதான்.

காரணத்தை 1973இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். பாரசிட்டமாலின் பெரும்பகுதி கல்லீரலில் தீங்கற்ற சேர்மங்களாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறு பகுதியை மட்டும் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிகள் வீரியமிக்க நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. அதனைக் கல்லீரல் செல்களில் இயல்பாகவே இருக்கும் குளூட்டாதயோன் என்னும் காப்புப்பொருள் உடனுக்குடன் பிணைத்து அடக்கிவிடும். மருந்து மிகுந்து அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டால், நச்சு கல்லீரல் செல்களின் புரதங்களையே பற்றிக்கொள்கிறது. அந்த நொதிகள் செறிந்திருக்கும் மையச் சிரையைச் சுற்றியுள்ள கல்லீரல் செல்கள்தாம் முதலில் மடிகின்றன.

குளூட்டாதயோனை நேராகச் செலுத்தினால் அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆகவே பிரெஸ்காட் 1974இல் சிஸ்டியமைன் என்னும் மாற்று மருந்தைப் பயன்படுத்தினார். அது கல்லீரலைக் காத்தாலும் கடுமையான வாந்தியால் நோயாளிகளை வாட்டியது. அப்போது சளியை இளக்கும் மருந்தாகப் புழக்கத்தில் இருந்த அசிட்டைல்சிஸ்டைன், செல்லுக்குள் சென்று குளூட்டாதயோன் உருவாக மூலப்பொருளைத் தரவல்லது. அதைச் சிரை வழியாகச் செலுத்திப் பெற்ற 100 நோயாளிகளின் முடிவுகளை அவர் குழு 1979இல் வெளியிட்டது. மாத்திரை விழுங்கி 10 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கல்லீரல் கடுமையாகச் சிதைந்தது; 10 மணி நேரத்துக்குப் பின் தொடங்கிய 38 பேரில் 20 பேருக்குச் சிதைந்தது. இதனால்தான், மாத்திரை மிகுதியாக உட்கொண்டவர் நலமாகத் தோன்றினாலும் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று வற்புறுத்துகிறேன். நேரம் கடந்துவிட்டதே என்று கைவிடவும் கூடாது. கல்லீரல் செயலிழந்த பின்னரும் இம்மருந்து உயிர் காக்க உதவுகிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ஆய்வு 1991இல் காட்டியது.

அசிட்டைல்சிஸ்டைனை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்ற மொத்த அளவில் 20 மணி நேரத்துக்குச் சற்று மேல் மூன்று கட்டங்களாகச் செலுத்தும் பிரெஸ்காட்டின் முறை உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் மருந்து விரைவாக ஏறுவதால் வாந்தியும் ஒவ்வாமை போன்ற விளைவுகளும் வந்தன. எடின்பரோ உள்ளிட்ட மருத்துவமனைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, அதே மொத்த அளவை 12 மணி நேரத்தில், ஆனால் மெதுவாகத் தொடங்கிச் செலுத்தினால் அந்தத் துன்பங்கள் வெகுவாகக் குறைவதைக் கண்டது. பிரிட்டனின் பல மருத்துவமனைகள் இப்போது அந்தக் குறுகிய முறைக்கு மாறியிருக்கின்றன.