விடாப்பிடிக்குத்தான் கோப்பை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நாளை 2025 ஜூலை 27. நம்ம ஊர் நேரப்படி இரவு 9.30 மணிக்கு, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஐரோப்பிய மகளிர் கால்பந்து இறுதிப்போட்டி. உலக சாம்பியன் ஸ்பெயினும் நடப்பு ஐரோப்பிய சாம்பியன் இங்கிலாந்தும் மோதுகின்றன. கோப்பை ஸ்பெயினின் திறமைக்கா, இங்கிலாந்தின் விடாப்பிடிக்கா? விடாப்பிடிக்குத்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். இந்தப் போட்டியில் ஸ்பெயினுக்கு ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி, 17 கோல். சரி, ஒப்புக்கொள்கிறேன். போட்டி தொடங்கும் முன்பு மூளையுறைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த ஸ்பெயின் வீராங்கனை ஐத்தானா பொன்மத்தி, அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 113ஆவது நிமிடத்தில் கோல் போட்டாரே, அவரைக் குறைசொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் இங்கிலாந்தை ‘அதிர்ஷ்டத்தில் தப்பி வந்த அணி’ என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

காலிறுதியை எடுத்துக்கொள்வோம். சூரிச் மைதானம். 25 நிமிடத்துக்குள் ஸ்வீடன் இரண்டு கோல் போட்டுவிட்டது. 78 நிமிடம் வரை இங்கிலாந்துக்கு ஒன்றுமே இல்லை. 79இல் லூசி பிரான்ஸ் தலையால் முட்டி ஒன்று, 81இல் மிஷெல் அஜெமாங் இன்னொன்று. ஆட்டம் சமனாகி, வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி வரை போனது. கோல் கீப்பர் ஹானா ஹாம்ப்டன் மூக்கில் ரத்தம் வழிய, அதை அடைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் பிறவிக் கோளாறு இருந்ததால் ‘கால்பந்து உனக்குச் சரிப்படாது’ என்று சின்ன வயதில் மருத்துவர்கள் சொன்ன அதே பெண். இரண்டு பெனால்டியைத் தடுத்தார். 33 வயது லூசி பிரான்ஸ் தன் தொடையில் தானே கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பந்தை வலை கிழியும்படி அடித்தார். ஸ்வீடனின் பெனால்டிகள் வெளியே பறந்ததும் உண்மைதான். ஆனால் இரண்டு கோல் பின்தங்கி, கடைசிவரை களத்தில் நின்றவர்களுக்குத்தானே அந்தப் பெனால்டி வாய்ப்பே கிடைத்தது!

அரையிறுதியிலும் அதே கதை. இத்தாலி முன்னிலை. ஆட்டம் முடியப்போகிறது, 96ஆவது நிமிடம், மறுபடியும் அஜெமாங். வயது 19. நான்கு வருடம் முன்பு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இதே அணிக்குப் பந்து பொறுக்கிப் போட்ட சிறுமி! அப்புறம் கூடுதல் நேரத்தில், 119ஆவது நிமிடத்தில் க்ளோயி கெல்லி அடித்த பெனால்டியைக் கீப்பர் தடுக்கிறார். திரும்பி வந்த பந்தை கெல்லியே உள்ளே தள்ளுகிறார். தடுக்கப்பட்டதும் தலையில் கை வைத்து நின்றிருந்தால்? ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்பேன். அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் நடந்தால் அது பழக்கம்.

இவ்வளவுக்கும் நடுவில், தோல் நிறத்தைச் சொல்லி இங்கிலாந்து வீராங்கனை ஜெஸ் கார்ட்டரை இணையத்தில் கேவலமாக வசைபாடினார்கள். அணி மொத்தமும் அவர் பின்னால் நின்றது.

2023 சிட்னி உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயின் 1-0 என்று வென்றதை எதிரணி நினைவூட்டியது. இந்த ஜூனில் 2-1 என்று வென்றதையும் சொன்னது. பிப்ரவரியில் வெம்ப்ளியில் இங்கிலாந்து 1-0 என்று வென்றதை மட்டும் ஏன் விட்டுவிட்டது? இங்கிலாந்தின் பயிற்சியாளர் சரீனா வீக்மனுக்கு இது தொடர்ந்து ஐந்தாவது பெரிய இறுதிப்போட்டி. 2017இல் நெதர்லாந்தோடும் 2022இல் இங்கிலாந்தோடும் இதே கோப்பையைத் தூக்கியவர். ஸ்பெயினுக்கோ இந்த ஐரோப்பியக் கோப்பையில் இதுதான் முதல் இறுதி.

நாளை ஸ்பெயின் முதலில் கோல் போடலாம், நடுவர் அவர்களே. பந்து பெரும்பாலும் அவர்கள் காலிலேயே இருக்கும். எதிரணி நண்பர்கள் அப்போதே டிவியை அணைத்துவிட வேண்டாம். 60 நிமிடத்துக்கு மேல், வீக்மன் திரும்பி மாற்று வீராங்கனைகளின் பெஞ்சைப் பார்ப்பார். அங்கே கெல்லியும் அஜெமாங்கும் உட்கார்ந்திருப்பார்கள்.